“பள்ளியிலே கூப்பிட்டா பயமா இருக்கு!” வாசலுக்கு வெளியே நின்ற அம்மாக்கள் தலைவி ஆன கதை

மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு பயம் உண்டு. “நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா” என்று டீச்சர் சொல்லி அனுப்பினால் போதும். அன்று ராத்திரி வீட்டில் தூக்கம் போய்விடும்.

“என்னடா பண்ணித் தொலைச்சே?” என்று பையன் முதுகில் இரண்டு விழும். பாவம், அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான். ஆதார் நகல் கேட்டிருப்பார்கள்!

கூப்பிட்டால் புகார். இல்லாவிட்டால் கையெழுத்து. நல்ல சேதி சொல்லக் கூப்பிடுவது அபூர்வம். இதில் வெறுத்துப்போய், கடனை வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறவர்கள் உண்டு. அங்கே படிப்பு உசத்தியோ இல்லையோ, டைரியில் நாலு வரி எழுதி அனுப்புகிறார்கள் அல்லவா?

ஓரணா பலகாரம்

சென்னை மாநகராட்சிக்கு இந்தப் பாடு புதிது அல்ல. 1920-ம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர்.

சோறு போட்டால் பிள்ளை வருவான். பெற்றவள் உள்ளே வர வேண்டுமே!

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அதற்கும் வழி செய்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்றது. ஆனால், “இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா” என்று நோட்டை நீட்டுவதோடு பல இடங்களில் குழு முடிந்துபோகிறது என்ற குறை வெகு நாள் இருந்தது.

2022 மார்ச் 20-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவி, அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்! 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

பில் எங்கே?

பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கக் குழுவுக்கு உரிமை உண்டு. விஷயமே இங்கேதான் இருக்கிறது. “கக்கூசுக்குத் தண்ணி வரலியே, வந்த பணம் என்ன ஆச்சு சார்?” என்று தலைவி கேட்க, தலைமை ஆசிரியர் பில்லை எடுத்து மேஜையில் வைத்தால், அந்தச் சேதி சாயங்காலமே குழாயடிக்குப் போய்விடும். ஆயிரம் நோட்டீஸ் ஒட்டினாலும் அது வராது. மழுப்பினாலோ, அதுவும் அதே குழாயடிக்குத்தான் போகும்!

அரைநாள் கூலி

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. வீட்டு வேலைக்கும், சித்தாள் வேலைக்கும், கோயம்பேட்டுக்கும் போகிறவளுக்கு அரைநாள் கூலி போச்சு. “நீங்க கூப்பிடுறீங்க சரி, கூலி யாரு தருவா?” என்றால் பதில் இல்லை. அந்த 2022 மார்ச் கூட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதை அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது. “எங்களுக்கும் வீடு வாசல் இருக்கே” என்று ஆசிரியர்கள் சொல்வதும் நியாயம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தையாவது ஞாயிறன்று போட்டுவிட்டு, வேறொரு நாள் அவர்களுக்கு லீவு கொடுத்தால் என்ன?

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். பல வீடுகளில் போன் புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது. வருகிற சேதியும், “மேற்காண் பொருள் சார்ந்து” என்று ஆரம்பித்தால் யாருக்குப் புரியும்?

சாயங்காலம் மணி அடித்ததும் பள்ளி வாசலில் அம்மாக்களும் பாட்டிகளும் காத்து நிற்கிறார்கள். டீச்சர் பத்து நிமிஷம் அங்கே வந்து நின்று, “உம் பொண்ணு இன்னிக்குக் கழித்தல் கணக்கு தப்பில்லாமப் போட்டாம்மா” என்று சொன்னால் யாருக்கும் கூலி போகாது. மறுநாள் ‘அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா’ என்றாலும் அந்தப் பெண் முதுகில் அடி விழாது.