பாஸ்னா யாரு பாஸ்?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க. லேத் பட்டறையில் ‘முதலாளி’, கட்டட வேலையில் ‘மேஸ்திரி’, டீக்கடையில் ‘மாஸ்டர்’, லிஃப்ட் கேட்கிறவருக்கு நாமளே ‘தல’! ஒரே ரோட்டில் இத்தனை தலைவருங்க எங்கே இருந்துதான் வந்தாங்க?

முதல்ல நம்ம பாஸ். இது டச்சு வார்த்தை. நியூயார்க், ‘நியூ ஆம்ஸ்டர்டாம்’னு டச்சுக்காரங்க கையில் இருந்தப்போ அமெரிக்காவில் நுழைஞ்சுது. ‘மாஸ்டர்’னு கூப்பிடுறது அடிமைங்க பேச்சுனு நினைச்ச அமெரிக்க வேலைக்காரங்க, ‘பாஸ்’னு மாத்திக்கிட்டாங்க. அட, ‘நான் ஒண்ணும் அடிமை இல்லை’னு காட்ட வந்த வார்த்தைங்க இது! அதே டச்சுக்காரங்க ஆண்ட இலங்கையில் கதை உல்டா. அங்கே கொத்தனாரும் தச்சரும்தான் ‘பாஸ்’.

மேஸ்திரி, போர்ச்சுக்கீசியர் விட்டுட்டுப் போனது. அதுவும் மாஸ்டரும் ஒரே லத்தீன் வேர். ஆக, டீ மாஸ்டரும் மேஸ்திரியும் பங்காளிங்க! ‘சாகிப்’புக்கு அரபியில் முதல் அர்த்தம் தோழன். ‘எஜமான்’, யாகத்துக்குச் செலவு பண்றவர். ‘முதலாளி’ நம்ம சரக்கு. முதல் போட்ட ஆள், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கா பக்கம் போனா, சுவாஹிலியில் பாஸுக்கு ‘ப்வானா’. ‘எங்கள் அப்பா’ங்கிற அரபிச் சொல்லில் இருந்து வந்ததுனு சொல்றாங்க. ‘சஃபாரி’யும் அரபியின் ‘சஃபர்’தான். அங்கே பஸ் பிடிச்சு ஊருக்குப் போனாலும் சஃபாரிதான். துப்பாக்கியும் சிங்கமும் வெள்ளைக்காரன் சேர்த்தது. அப்புறம் மேனேஜருங்க போட்ட சஃபாரி சூட், வண்டலூர் சிங்க சஃபாரினு நம்மகிட்ட வந்துச்சு. ஆனா நாகூர், காரைக்கால் பக்கம் இஸ்லாமியர் வீடுகளில் அந்தச் சொல் அதுக்கு முன்னாடியே இருக்கு. கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர் அங்கே ‘சபராளி’. சிங்கம் பார்க்கிற பயணம் இல்லை அது, வருஷக்கணக்கில் பொண்டாட்டி புள்ளையைப் பார்க்காத பயணம்.

இதிலெல்லாம் என்னை ரொம்ப உலுக்கினது ‘கங்காணி’. கண்காணிக்கிறவர்ங்கிற சுத்தத் தமிழ். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தன் ஊர், தன் சாதி, தன் சொந்தத்தில் இருந்தே ஆள் திரட்டிக்கிட்டுப் போனவர் இவர். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் தொழிலாளி பேரில் கடன். எத்தனை பேர் வேலைக்கு வர்றாங்களோ, அதுக்கேத்த மாதிரி கங்காணிக்குத் தனிக்காசு. அதனால யாரையும் லேசில் விடமாட்டார். ‘இந்தக் கடனைக் கட்டினா ஆளை எடுத்துக்கலாம்’னு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குப் பேரு ‘துண்டு’. துண்டு இல்லாம இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் இதை ஒழிச்சாங்க. பெரியப்பா, மாமானு கூப்பிடுற ஆள்கிட்டயே கடன்பட்டு மாட்டிக்கிட்டா, யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது? வெள்ளைக்காரத் துரையைவிட இது பெரிய பூட்டுனு எனக்குத் தோணுது.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். எஸ்டேட்டுக்கு பீகார், ஒடிசாவில் இருந்து வந்திருக்கிற பசங்ககிட்ட பேசிப் பாருங்க. ஆள் பிடிச்சுட்டு வர்ற காண்ட்ராக்டருக்கு அவங்க வார்த்தை ‘டேக்கேதார்’. அவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், ‘பையா’னும் கூப்பிடுவாங்க. பையான்னா அண்ணன். டிரெயின் டிக்கெட் காசு யார் நோட்டில் எழுதியிருக்குனு மட்டும் கேளுங்க பாஸ்.