அன்றாட வாழ்வில் ஆன்மிக விழிப்பு: பாட்டியின் உளி கற்றுத் தந்த பாடம்

ஆன்மிகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? பால்குடம், காவடி, தீமிதி, நெற்றி நிறைய திருநீறு, காவியுடை அணிந்த ஒரு துறவி. எனக்கும் நீண்ட காலம் அப்படித்தான் தோன்றியது. தைப்பூசத்திற்கு விரதம் இருப்பேன். தேர்வு நெருங்கினால் கோயிலுக்குப் போவேன். தேர்வு முடிந்ததும் கோயிலை மறந்துவிடுவேன். ஆன்மிகம் ஆண்டில் சில நாள்களுக்கு உரியது, மற்ற நாள்கள் பாடத்திற்கும் நண்பர்களுக்கும் கைப்பேசிக்கும் உரியவை என்பதே என் எண்ணமாக இருந்தது. அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதையும், ஆன்மிக விழிப்பு என்பதை இன்று நான் எவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் செர்டாங்கைச் சேர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னால் பலரும் சிலாங்கூரில் உள்ள செர்டாங்கைத்தான் நினைத்துக்கொள்வார்கள். என்னுடையது கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். என் பாட்டி அங்குள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆன்மிகம் என்ற சொல்லை அவர் ஒரு நாளும் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

தொட்டுக் கும்பிட்ட மரம்

தோட்டத்தில் பொழுது விடியும் முன்னரே பெரட்டு தொடங்கிவிடும். அதன்பின் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அவரவர் நிரைக்குப் போவார்கள். இருட்டிலேயே வேலையைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பாலின் ஓட்டமும் குறைந்துவிடும்.

பாட்டி நிரையில் முதல் மரத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்ட பிறகே உளியை எடுப்பாராம். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டு, பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கேம்பியம் எனப்படும் மெல்லிய வளர் அடுக்குக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலோடு சீவினால் பால் போதிய அளவு வராது. ஆழமாகப் போனால் அந்த வளர் அடுக்கில் காயம் பட்டுவிடும். புதுப்பட்டை சீராக வளராமல் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அடுத்த முறை அந்தப் பட்டையில் வெட்டவும் முடியாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதை அரையிருட்டில், ஒரு காலையில் நானூறு, ஐந்நூறு மரங்களில் தவறாமல் செய்ய வேண்டும்.

சிறுவயதில் ஒருமுறை, வீட்டின் பின்புறம் இருந்த ஒரு கிழட்டு மரத்தில் நான் உளியை வைத்துப் பார்த்தேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச வேற எங்கயாவது வச்சுக்கிட்டு மரத்துல கைய வைக்காதய்யா. நீ மறந்துருவ, மரம் மறக்காது" என்றார். அப்போது அது வேலையைப் பற்றிய ஓர் எச்சரிக்கையாக மட்டுமே என் காதில் விழுந்தது.

பதில் தெரியாத ஒரு கேள்வி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் நீண்ட விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தேன். ஒரு மாலை வேளை. பாட்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் இடையிடையே "ம்... ம்..." என்றேன். சற்று நேரம் கழித்து, "நான் சொல்றது கேக்குதாய்யா?" என்றார். "கேக்குது பாட்டி" என்றேன், தலையை நிமிர்த்தாமலேயே. அவர் அதற்குமேல் பேசவில்லை.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம், பாட்டி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஈமச்சடங்கு முடிந்த அன்று இரவு அத்தை என்னிடம், "ரெண்டு பேரும் வாசல்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருப்பீங்களே, கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பேசினார் என்பது தெரியும். என்ன பேசினார் என்பது தெரியாது. இனி ஒருபோதும் தெரியப் போவதும் இல்லை.

நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, குடிக்கவில்லை, திருடவில்லை. இருப்பினும் அந்த மாலைப் பொழுதில் நான் அங்கு இல்லை. உடல் மட்டும்தான் இருந்தது.

அறிவது வேறு, விழித்திருப்பது வேறு

தேசிய இடைநிலைப்பள்ளியில் நம்மில் பெரும்பாலோர் நன்னெறிக் கல்வி பயின்றவர்கள். அன்பு, பரிவு, நன்றியுணர்வு என ஒவ்வொரு நெறிக்கும் உரிய விளக்கத்தை மலாய் மொழியில் ஒரு சொல்கூடப் பிசகாமல் மனனம் செய்து தேர்வில் எழுதினோம். நானும் நல்ல தேர்ச்சி பெற்றேன். 'காசே சாயாங்' என்பதன் விளக்கத்தை இன்று கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால், அந்த மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பை நான் கவனிக்கவில்லை. அறிவு என் தலையில் இருந்தது. கவனம் வேறெங்கோ இருந்தது.

ஆன்மிக விழிப்பு என்று நான் சொல்வது இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியைத்தான். செய்யும் செயலிலும், எதிரில் இருக்கும் மனிதரிடத்திலும் முழு மனத்தோடு இருப்பது. கோபமோ பொறாமையோ எழும்போது அது எழுகிறது என்று அறிவது. நாம் செய்வதும் செய்யத் தவறுவதும் இன்னோர் உயிரின்மேல் பதிகின்றன என்று உணர்வது. இதற்குக் கோயிலும் வழிபாடும் துணை செய்யும். ஆனால், கோயில் வாசலோடு இது முடிந்துவிடுவதில்லை.

இன்று உலகமெங்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் இக்கருத்து பேசப்படுகிறது. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-சின் என்பவர், நோயாளிகளின் வலியையும் மன அழுத்தத்தையும் தணிக்கப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்து, சமயச் சார்பில்லாமல் அவர் அதை அமைத்தார். அது நல்ல முயற்சிதான். எனினும், நம் மரபு இதை வெறும் மன அமைதிக்கான வழியாக மட்டும் பார்க்கவில்லை. விழித்தவன் அடுத்தவரின் துன்பத்தைக் காண்பான், கண்டபின் சும்மா இருக்க மாட்டான் என்பது அதன் அடிப்படை. பசித்தவரைக் கண்டு வாடிய வள்ளலார், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் அங்கே அன்னதானம் நடைபெற்று வருகிறது.

மலாயாத் தோட்டத்தில் ஒரு மருத்துவர்

வடலூர் நமக்குத் தொலைவு என்று நினைப்பவர்களுக்கு, நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலிச் சீமையில், கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் பயின்ற அவர் 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பல ஆண்டுகளும், பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். நம் முன்னோர்கள் கங்காணிகள் வழியாக வந்து சேர்ந்த காலம் அது. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களில் பலரைப் பலிகொண்டது. ஏழைத் தொழிலாளர்களிடம் அவர் பணம் வாங்காமல் மருத்துவம் பார்த்ததையும், சில நேரங்களில் தம் கைப்பணத்தையே கொடுத்து அனுப்பியதையும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர்.

1923இல் மலாயாவை விட்டுப் புறப்பட்ட அந்த மருத்துவர், அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். அங்கும் அவர் மருந்துப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. நோயுற்ற சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்து கொடுத்தார். 1936இல் அவர் தோற்றுவித்த தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கிளை ஒன்று பத்துமலையில் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். துறவுக்கு முன்பே, தோட்ட மருத்துவமனையின் கட்டிலருகில் அவருடைய ஆன்மிகம் தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து.

ஒரு நாட்குறிப்பு

சிவானந்தர் தம் மாணவர்களுக்கு வகுத்துத் தந்த பயிற்சிகளுள் ஒன்று ஆன்மிக நாட்குறிப்பு. அதில் நீண்ட கட்டுரை எழுத வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் உறங்கினாய், எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய், யாருக்கேனும் தொண்டு செய்தாயா என்பன போன்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் இரவும் விடை குறிக்க வேண்டும். அவ்வளவுதான். கணக்கன் வரவு செலவு பார்ப்பதைப் போல நம்மை நாமே பார்ப்பது.

பாட்டி இறந்து சில மாதங்களுக்குப் பின், நானும் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கோடு கிழித்துத் தொடங்கினேன். முதல் நாள் இரவு 'எத்தனை பொய்' என்ற கட்டத்திற்கு வந்தபோது, இன்று நான் பொய்யே சொல்லவில்லையே என்று சுழியம் போட்டேன். உடனே அந்த மாலை நினைவுக்கு வந்தது. "கேக்குது பாட்டி." அது பொய்தானே? அப்படிப் பார்த்தால் அன்று காலையில் மட்டும் எத்தனை பேரிடம் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறேன்! தொலைபேசியில் அம்மாவிடம், உணவகத்தில் நண்பனிடம், விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளரிடம். சுழியத்தை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

நாட்குறிப்பு என்னை மகானாக்கிவிடவில்லை. பல நாள்கள் எழுதாமலே உறங்கிவிடுகிறேன். ஆனாலும் சில சிறு மாற்றங்கள் வந்தன. அம்மா அழைத்தால் மடிக்கணினியை மூடிவிட்டுப் பேசுகிறேன். சாப்பிடும்போது முதல் சில கவளங்களையாவது கைப்பேசி இல்லாமல் உண்கிறேன். புலனக் குழுவில் கோபத்தோடு ஒரு பதிலைத் தட்டிவிட்டால், அனுப்பும் முன் ஒரு மூச்சு விடுகிறேன். பாதிப் பதில்கள் அனுப்பப்படாமலே அழிந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் விடுதியைத் துப்புரவு செய்யும் பெண்மணி இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவர். ஈராண்டுகளாக அவரைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். 'தொண்டு' என்ற கட்டம் பல நாள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபின்தான், ஒரு நாள் நின்று அவரிடம் பேசினேன். பிள்ளைகளைத் தம் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாராம். நூறாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன் பாட்டியரின் கதை, துடைப்பத்தோடு என் அறை வாசலில் நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒரு தவறான எண்ணத்திற்கும் இடம் தரக்கூடாது. தோட்ட வாழ்க்கையே தவ வாழ்க்கை என்று புகழ்ந்து பாட நான் வரவில்லை. பாட்டியின் கவனத்திற்குப் பின்னால் குறைந்த கூலியும், மரத்தைக் காயப்படுத்தினால் கிடைக்கும் ஏச்சும் இருந்தன. மழைக்காலத்தில் வேலையில்லை என்றால் அடுப்பும் சரியாக எரியாது. அந்த வறுமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது ஆன்மிகம் ஆகாது. அநியாயத்தைக் கண்டும் கண்களை மூடிக்கொண்டு தியானத்தில் அமர்வது விழிப்பும் ஆகாது. ஆனால், எவ்வளவு இல்லாமையிலும் தம் கையில் உள்ள வேலையை மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்கினாரே, அந்த மனத்தை எந்தத் துரையும் எந்தக் கிராணியும் அவருக்குக் கூலியாகக் கொடுக்கவில்லை. அது அவருடைய சொந்தச் சொத்து. அதைத்தான் நான் வாரிசாகக் கேட்கிறேன்.

நண்பர்களே, பாட்டி வெட்டிய நிரை இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. நமக்கு உளியும் இல்லை, பால் வாளியும் இல்லை. நம் கையில் இருப்பவை புத்தகமும் கைப்பேசியும். நாமும் அன்றாடம் எத்தனையோ மனங்களில் கை வைக்கிறோம். சில இடங்களில் ஆழமாகக் கீறிவிடுகிறோம், சில இடங்களில் மேலோடு உரசிவிட்டுப் போகிறோம். இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். என்னையொத்த மாணவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வாசலில் உட்கார்ந்து யாராவது பேசினால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். "கேக்குதா?" என்று அவர்கள் கேட்டால், "கேக்குது" என்ற பதில் உண்மையாக இருக்கட்டும்.