திரைப்படப் புதிரும் மறைந்த தொடர்பும்

புதிர் விடுத்தலும் அதற்கு விடை காண்டலும் தமிழர்க்குப் பழைய வழக்கமாம். தொல்காப்பியனார் அதனைப் பிசி என்னும் பெயரால் செய்யுளியலில் எண்ணினார். சிற்றூர்த் திண்ணைகளில் அதுவே விடுகதை என வழங்குகின்றது. இக்காலத்து மாணவரிடையே வேறொரு வகைப் புதிரும் பரவியுள்ளது. இரண்டு திரைப்படங்களையோ இரண்டு நடிகரையோ கூறி, அவற்றிடையே மறைந்து கிடக்கும் தொடர்பு யாதென வினவுவதே அது. இதனை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வாரும் உளர். ஆதலின், இதன் இயல்பையும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இப்புதிர் இருவகைப்படும். இரண்டிற்கும் பொதுவாயது ஒன்றைக் காண்பது முதல் வகை. 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி'க்கும் 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வுக்கும் உள்ள தொடர்பு யாது? நடிகரை மட்டும் நோக்குவார், இரண்டிலும் கதாநாயகராக நடித்தவர் எம். கே. ராதா என்பர். அவ்விடை பொருந்துவதே. ஆயினும் மற்றுமொரு விடை உண்டு. முன்னதன் கதையை எழுதியவர் எஸ். எஸ். வாசன், பின்னதைத் தயாரித்து இயக்கியவரும் அவரே. திரையில் முகங் காட்டாத ஒருவரே இரண்டையும் பிணித்து நிற்கின்றார். நல்ல புதிர் நம் கண்ணை நடிகரிடத்தினின்றும் பெயர்த்து, படத்தின் தொடக்கத்தில் ஓடி மறையும் பெயர்களின்மேற் செலுத்துவது இவ்வாறாம்.

சங்கிலி கோப்பது இரண்டாம் வகை. இருவர் ஒரே படத்தில் நடித்திருப்பின் அஃது ஒரு கண்ணி. தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' (1931) படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமியினின்று தொடங்கி ரஜினிகாந்தை அடைதல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையே பல தலைமுறைகள் கிடத்தலின், பத்துக் கண்ணிகளேனும் வேண்டும் என்று தோன்றும். ஆனால் மூன்றே போதும். 'காளிதாஸ்' படத்தில் ராஜலட்சுமியோடு சிறு வேடமொன்றில் நடித்தவர் எல். வி. பிரசாத். பின்னாளில் 'மனோகரா' (1954), 'மிஸ்ஸியம்மா' (1955) முதலிய படங்களை இயக்கிப் புகழ்பெற்ற அவர், முதுமையில் 'ராஜபார்வை' (1981) படத்தில் கதாநாயகியின் பாட்டனாராகக் கமல்ஹாசனோடு நடித்தார். கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் சேர்ந்து நடித்தனர். ஐம்பதாண்டு இடைவெளியை ஒரே மனிதர் கடப்பித்து விட்டார்!

இவ்வெண்ணம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உலகில் எவ்விருவரையும் ஒருசில அறிமுகங்களால் இணைத்துவிடலாம் என்னும் கருத்தை அங்கேரி நாட்டு எழுத்தாளர் பிரிஜெஷ் கரிந்தி 1929இல் ஒரு கதையில் அமைத்தார். 1967இல் அமெரிக்க உளநூலறிஞர் ஸ்டான்லி மில்கிராம், கைமாறிச் செல்லும் அஞ்சல்களைக் கொண்டு அதனைச் சோதித்தார். 1994இல் அமெரிக்காவின் ஆல்பிரைட் கல்லூரி மாணவர் மூவர், கெவின் பேக்கன் என்னும் நடிகரை நடுவாக வைத்து இதனையே திரைப்பட விளையாட்டாக்கினர்.

விடை காணும் வழியையும் கூறுவாம். ஒரு முனையினின்றே தேடிச் செல்வார் விரைவில் களைப்பர். இரு முனைகளினின்றும் ஒவ்வொரு படியாக விரித்துக்கொண்டு வரின், இரண்டு வட்டங்களும் ஓரிடத்தே சந்திக்கும். அவ்விடத்தில் நிற்பவர் பெரும்பாலும் கதாநாயகர் அல்லர். துணை வேடத்தினரும் நகைச்சுவை நடிகருமே ஆவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவைப் போல்வார் தலைமுறை பலவற்றோடும் பழகினவர் ஆதலின், வழிகள் அவரிடத்தே வந்து கூடுகின்றன.

இனி, எது தொடர்பு, எது தொடர்பன்று என்னும் வரையறை முன்னரே வகுக்கப்படல் வேண்டும். இவ்வகையில் எம் உத்திரமேரூரே நல்ல ஆசிரியன். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன், அவனுடைய உறவினரும் தேர்தலுக்கு உரியரல்லர் என்பது ஒரு விதி. உறவினர் என்று வாளா கூறி விடாமல், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மருமகன் என்று ஒவ்வொருவரையும் சபையார் எண்ணி எழுதினர். தொடர்பின் எல்லை தெளிவாயிருந்தாலன்றி வழக்குத் தீராது என்பதை அவர் அறிந்திருந்தனர். ஊராட்சிக்கு உரிய அந்நேர்மை விளையாட்டிற்கும் உரியதே.

அவர்கள் கல்லில் எழுதினர். நம் திரைப்பட வரலாறோ எளிதில் அழியும் படச்சுருளில் எழுதப்பட்டது. மேற்காட்டிய சங்கிலியின் முதற் கண்ணியை மீண்டும் நோக்குமின். 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று கிடைத்திலது. பிரசாத் அதில் நடித்ததைத் திரையிற் கண்டு தெளிதல் இனி யார்க்கும் இயலாது. எழுத்திலுள்ள சான்றே நமக்குத் துணை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' முதலிய மௌனப் படங்களும் அழிந்தொழிந்தன. படம் அழிந்த பின்னர்ப் பாட்டுப் புத்தகமும், விளம்பர நோட்டீசும், கண்டவர் நினைவுமே எஞ்சுகின்றன. நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் தாங்கிய அச்சிறு புத்தகங்கள் பழம்பெட்டிகளில் செல்லரித்துக் கிடத்தல் கூடும். டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்த முதியோரும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, இப்புதிர் விளையாட்டின் பெரும்பயன் விடையன்று. விடை தேடும்போது கிடைக்கும் சான்றே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு புதிர் விடுமின். அவர் கூறும் பெயரையும், படத்தையும், பார்த்த ஊரையும் குறித்துக்கொண்மின். பாட்டுப் புத்தகம் கிடைப்பின் பழந்தாளென்று எறியாது பேணுமின்.

பயிற்சிக்காக ஒரு புதிர் விடுத்து அமைவாம். 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் நாயகியர் ஒருவருக்கும், எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படமாகிய 'கூண்டுக்கிளி' (1954) படத்தின் இயக்குநருக்கும் உள்ள தொடர்பு யாது? உடன்பிறப்பே விடை: டி. ஆர். ராஜகுமாரியும் டி. ஆர். ராமண்ணாவும் அக்காளும் தம்பியும் ஆவர். இரத்த உறவைக் கண்ணியாகக் கொள்ளலாமோ, ஆகாதோ? உத்திரமேரூர்ச் சபையாரைப் போல நீவிரும் விதியை முதலில் எழுதிக்கொண்டு, பின்னர் ஆடத் தொடங்குமின்.