விளக்கைத் தேடி வரும் வினை

கார்த்திகை விளக்கீட்டு இரவிலே, வயலோரத்து வீடுகளில் ஏற்றிய விளக்கைச் சுற்றி மஞ்சள் நிறச் சிறு விட்டில்கள் வந்து விழுதலை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஒரு பொருளாக எண்ணியிரோம். ஆயின், அவற்றுள் ஒன்று நம் உணவுக்கே உலை வைப்பது. மஞ்சள் தண்டுதுளைப்பான் என்பது அதன் பெயர். புல்லந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இதனை, பிரான்சிஸ் வாக்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1863இல் முதன்முதல் விவரித்தார்.

பெண் பூச்சியின் முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. ஆண் சிறியது, மங்கிய கபில நிறத்தது. வளர்ந்த பூச்சி உணவு கொள்வதில்லை. ஏறக்குறைய ஒரு கிழமையே வாழும். அதற்குள் பெண், நெல்லின் இலைநுனியை அடுத்து முட்டைகளைக் குவியலாக இட்டுத் தன் உடல்மயிராலே மூடிவிடும். 5 முதல் 9 நாள்களில் வெளிவரும் புழுக்கள் நூலிழையிலே தொங்கி, காற்றினால் அயற்பயிர்களை அடையும். பெரும்பாலும் ஒரு தண்டினுள் ஒரு புழுவே வாழும். கூட்டுப்புழு ஆகுமுன், பின்னர் வெளியேறுதற்குரிய துளையையும் அமைத்து மெல்லிழையால் மூடிவைக்கும் அதன் முன்மதியை என்னென்பது!

இளம்பயிரைத் தாக்கின் நடுக்குருத்துக் காயும்; இழுத்தாற் கையோடு வரும். பயிர் புதிய மட்டங்களை விட்டு அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும். கதிர் வருங்காலத்துத் தாக்கினோ ஈடில்லை. நிறைகதிர்கள் தலைசாய, இக்கதிர்கள் மணியின்றி வெளுத்து நிமிர்ந்து நிற்கும். இதுவே வெண்கதிர். எம் இளமையில் எம் வயலில் இதனைக் கண்டு, நீர்க்குறைவென்றே கருதி இரவெல்லாம் நீர் பாய்ச்சினோம். தண்டைப் பிளந்து பார்க்கும் அறிவு அன்று எமக்கு இருந்ததில்லை. அவ்வாண்டு சூடு மிதித்தபோது பதரே மிகுந்தது.

வெண்கதிர் தோன்றியபின் மருந்து தெளித்தலாற் பயனில்லை. அன்றியும், தண்டுதுளைப்பானின் முட்டைகளை அழிக்கும் நுண்ணிய குளவிகள் வயலில் உள. கண்டபடி தெளிக்கும் நஞ்சு அந்நண்பர்களையும் கொன்றுவிடும். புழு அறுவடைக்குப்பின் அடித்தாளினுள் தங்குதலால், தாளைத் தாமதியாது உழுது மடக்குதல் வேண்டும். அயலவர் யாவரும் ஒருகாலத்தே விதைத்தலும், யூரியாவை அளவறிந்து இடுதலும் நன்று.

மாணவர்களே, அடுத்த காலபோகத்தில் வயலுக்குச் சென்று, வாடிய தண்டொன்றைப் பிளந்து பாருங்கள். கண்டதை வீட்டாருக்குக் கூறுங்கள். நாம் காலந்தாழ்த்திக் கற்ற பாடத்தை நீங்கள் இளமையிலேயே கற்றல் வேண்டுமென்பதே எம் அவா.