90 பேரில் 53 பேருக்குத்தான் இடம்!

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது வேறு. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்; எறிவார்கள்; எதிரியை முட்டித் தள்ளிச் சாய்ப்பார்கள். தலைக்கும் தோளுக்கும் கவசம் உண்டு. தேசியக் கால்பந்து லீக் என்ற அமைப்பில் 32 குழுக்கள் ஆடுகின்றன. கோடி கோடியாகப் பணம் புரளும் தொழில் அது.

பணம் புரளும் தொழில் என்பதால் அதில் இருப்பவர்கள் எல்லோரும் கவலையில்லாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒவ்வொரு குழுவின் பட்டியலிலும் 90 பேர் வரை இருப்பார்கள். ஆகஸ்டுக் கடைசியில் 53 பேர்தான் மிஞ்ச வேண்டும் என்பது விதி. 32 குழுக்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 1,200 பேருக்குச் சில நாட்களுக்குள் சீட்டுக் கிழிகிறது.

சம்பளம் எப்போது?

முகாமில் இருக்கும்போது முழுச் சம்பளம் கிடையாது. வாரப்படி மாதிரி ஒரு தொகை கொடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கிய பிறகுதான். 2024-ல் புதியவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,95,000 டாலர். பட்டியலில் கடைசி 53-வது ஆளாக ஒட்டிக்கொண்டால்கூட அது கிடைக்கும். 54-வது ஆளுக்கு அது இல்லை. சிறு வித்தியாசம்தான், ஆனால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய வித்தியாசம்.

கழிக்கப்பட்டவரை வேறு குழு ஏதாவது 24 மணி நேரத்துக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இது பெரும்பாலும் இளைஞர்களுக்குப் பொருந்தும் விதி. யாரும் கேட்கவில்லை என்றால், 16 பேர் கொண்ட பயிற்சிப் படையில் இடம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வாரச் சம்பளம். 2024-ல் இளம் ஆட்டக்காரருக்கு அது வாரம் 12,500 டாலர். எந்த வாரமும் கல்தா கொடுக்கலாம். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் 'டெம்பரரி' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

கல்தா கொடுக்கும் செய்தியைச் சொல்ல ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆள் உண்டு. ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'துருக்கியர்'. அவர் வந்து தோளைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்பார். புத்தகத்தைக் கேட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று பொருள்.

நடுவரிசைக்காரர்கள்

இந்தப் போட்டி கடுமையாக நடக்கும் இடங்களில் ஒன்று 'லைன்பேக்கர்' என்னும் நடுவரிசை. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். தடுத்து ஆடும் பக்கத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் மலை போன்ற ஆட்கள். மோதுவதுதான் அவர்கள் வேலை. பின்வரிசையில் நிற்பவர்கள் ஓட்டக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் லைன்பேக்கர். அவர் முன்னே பாய்ந்து மோதவும் வேண்டும். பின்னே ஓடிப் பந்தைத் தடுக்கவும் வேண்டும். எதிரி என்ன செய்யப்போகிறான் என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊகிக்க வேண்டும்.

முன்பெல்லாம் நடுவரிசையில் மூன்று அல்லது நான்கு பேரை நிறுத்துவது வழக்கம். இப்போது பந்தை எறிந்து ஆடுவது பெருகிவிட்டது. அதைத் தடுக்க ஓட்டக்காரர்கள் கூடுதலாகத் தேவை. ஆகவே பல நேரங்களில் நடுவரிசையில் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாற்காலி குறைந்துவிட்டது, உட்கார வருகிறவர்கள் குறையவில்லை. எஞ்சியவர்கள் பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்கும் தனிப் படையில் ஓடியாடித் தங்கள் உபயோகத்தைக் காட்டினால்தான் பிழைப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லூரியில் முன்வரிசையில் மோதிப் பெயர் வாங்கியவர், தொழில்முறை ஆட்டத்துக்கு எடை போதாதவராக இருப்பார். பின்வரிசையில் ஓடியவர், அதற்குக் கொஞ்சம் பருமனாக இருப்பார். இருவரையும் நடுவரிசைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். இந்த இடமாற்றம் சிலரை உயர்த்தியிருக்கிறது. சிலரைப் படுத்தி வைத்திருக்கிறது.

செக்ஷன் மாறிய கதை

ஹாசன் ரெடிக் என்பவரை எடுத்துக்கொள்வோம். நியூஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரத்துக்காரர். டெம்பிள் பல்கலைக்கழகக் குழுவில் உதவித்தொகை இல்லாமல் நுழைந்து, முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரியின் பந்தெறிபவரைத் துரத்திச் சாய்ப்பதில் பெயரெடுத்தார். 2017-ல் அரிசோனா குழு அவரை 13-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. எடுத்ததும் நடுவரிசையின் உட்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. அவருக்குத் தெரிந்த வேலை துரத்துவது. கொடுத்த வேலை நின்று கவனிப்பது. மூன்று ஆண்டுகள் தடுமாறினார். வீண் தேர்வு என்ற பெயரும் வந்தது. 2020-ல் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் ஓர் ஆண்டு நீட்டக் குழு மறுத்துவிட்டது.

அந்த ஆண்டில் ஓரத்தில் ஆடும் மூத்த வீரர் ஒருவர் காயமடைந்தார். ரெடிக் தம் பழைய இடத்துக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் அவர் கணக்கில் பன்னிரண்டரைச் சாய்ப்புகள் சேர்ந்தன. இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்பது கணக்கு. நியூயார்க் குழுவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 5 சாய்ப்புகள்! 2022-ல் பிலடெல்பியா குழுவுக்குப் போய் 16 சாய்ப்புகள் செய்து, குழு இறுதிப் போட்டி வரை போகத் துணை நின்றார். ஆள் அதே ஆள்தான். நின்ற இடம்தான் வேறு.

நேர்மாறான கதை பிரையன் அர்லாக்கருடையது. நியூமெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பின்வரிசையில் ஆடியவர். 2000-ல் சிகாகோ குழு அவரை நடுவரிசையின் வெளிப்பக்கத்துக்கு மாற்றியது. தொடக்க ஆட்டக்காரர் என்ற இடத்தை முதலில் கோட்டைவிட்டார். பிறகு மையத்தில் ஆடியவர் காயமடையவே அங்கே இறக்கப்பட்டார். அந்த ஆண்டே தடுப்பாட்டத்தில் சிறந்த புதுமுகம் என்ற பரிசு. 2018-ல் புகழ்மண்டபத்தில் இடம்.

ஒருவர் காயம், ஒருவர் வாழ்வு

ஜேம்ஸ் ஹாரிசனின் கதை இன்னும் கேட்கத்தக்கது. 2002-ல் 32 குழுக்களும் தேர்வில் அவரை ஒதுக்கிவிட்டன. தேர்வுக்கு வெளியே பிட்ஸ்பர்க் குழுவில் சேர்ந்தார். அங்கே பல முறை கல்தா. பால்டிமோர் குழுவிலும் கல்தா. ஐரோப்பாவில் நடந்த கிளை லீக்கில் ஆடிப் பார்த்தார். 2004-ல் பிட்ஸ்பர்க் வீரர் ஒருவர் எடை தூக்கும்போது கையில் அடிபட, ஹாரிசனை மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை போனவர் திரும்பவில்லை. 2008-ல் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். 2009 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில், எதிரி எறிந்த பந்தைப் பறித்து 100 கஜம் ஓடினார். அவருடைய குழு 27-23 என்று வென்றது.

இந்த மூவர் வாழ்விலும் வேறொருவரின் காயம்தான் கதவைத் திறந்தது. முகாமில் ஒரே அறையில் படுத்து, ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுகிறார்கள். அடிபட்டதைச் சொன்னால் இடம் போய்விடுமே என்று வலியை மறைப்பவர்களும் உண்டு.

ஆகஸ்டு வெயிலில் முகாம் நடத்துவதால் உயிரே போனதும் உண்டு. 2001-ல் மின்னசோட்டா குழுவின் கோரி ஸ்டிரிங்கர் வெப்பத் தாக்குதலால் மரணமடைந்தார். அவருக்கு வயது 27. முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி தரும் பழக்கத்தை 2011-ல் ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம்தான் நிறுத்தியது. பட்டம் வாங்கும் நட்சத்திரங்களுக்கும், கடைசி வரிசைக்காரனுக்கும் ஒருசேரக் கிடைத்த நன்மை அது.

ஆகஸ்டுக் கடைசியில் பெயர் விட்டுப்போகிறவர்கள் எல்லோரும் திறமையில்லாதவர்கள் அல்லர். சிலர் தவறான இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள். சிலர் காலியிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டவர்கள். ஹாரிசனை வேண்டாம் என்று அனுப்பிய அதே பிட்ஸ்பர்க் குழுவுக்குத்தான் அவர் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.