வாயிலுக்கு இட்ட வண்ணம்

'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. இலக்கணப் போலி என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வாசலை இல்லத்தின் வாயாகவே கண்டவர்கள் அதற்குச் செம்மை பூசாமல் விடுவரோ?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைத் தச்சனின் கண்கொண்டு பார்க்கிறார். இரட்டைக் கதவைப் பருத்த இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசியிருக்கிறார்கள். அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒருவகைச் சிறுபூச்சி சுரக்கும் பிசின். நிறம் தருவதோடு மரத்தினுள் ஈரம் புகாமலும் காக்கும். (பிற்காலத் தச்சர் மதுசாரத்தில் கரைத்து மெருகேற்றியதும் இதே அரக்கைத்தான்.) நெடிய நிலைக்கோ வெண்சிறுகடுகை அப்பி நெய் அணிந்திருக்கிறார்கள், தீயன அண்டாமைக்கு. இன்று நிலையில் மஞ்சளும் குங்குமமும் இடும் கைகளை இது எனக்கு நினைவூட்டும்.

1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோம். மறுவருடம் திரும்பியபோது வீட்டிற் கதவு இல்லை. நிலை மட்டும் நின்றது, அப்பா அடித்த பச்சைப் பெயின்ற்றோடு. சில மாதங்கள் அதிற் சாக்குத்தான் தொங்கியது.

கடந்த பொங்கலுக்கு முன் வர்ணம் பூச வந்தவர், "மாஸ்ரர், பழசைச் சுரண்டாமல் மேலால அடிச்சால் பொருக்குவிட்டுக் கழண்டுபோம்" என்றார். தொழிலறிந்த பேச்சு, சுரண்டச் சொன்னேன். அம்மா கதிரையை இழுத்துவந்து நிலையடியில் இருந்துகொண்டார். "அந்த மேல்மூலையை மட்டும் விடு தம்பி."

மற்றெல்லாம் இப்போது செங்காவி. மேல்மூலையில் ஒரு சாண் பச்சை.