ஹைஃபாவில் வேலைநிறுத்தம்... காட்டுப்பள்ளிக்கு என்ன சம்பந்தம்?

மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒருமுறை மாட்டிக்கொண்டவர்களுக்கு, காட்டுப்பள்ளித் துறைமுகம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எல் அண்ட் டி கட்டிய அந்தத் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதே குழுமம், இஸ்ரேல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 2023 ஜனவரியில் அங்குள்ள ஹைஃபா துறைமுகத்தையும் வாங்கியது. விலை சுமார் 120 கோடி டாலர். ஜனவரி 31 அன்று நடந்த விழாவுக்குப் பிரதமர் நெதன்யாகுவே வந்திருந்தார்.

இரண்டே மாதம். மார்ச் 27 அன்று ஹைஃபாவில் வேலை நின்றது. கூலி உயர்வு கேட்டு அல்ல, நீதிமன்றத்துக்காக!

அங்கே எழுதப்பட்ட ஒரே அரசியல் சாசனம் கிடையாது. 120 பேர் கொண்ட ஒரே அவைதான். அதில் பெரும்பான்மை உள்ள அரசைத் தட்டிக்கேட்க உச்ச நீதிமன்றத்தை விட்டால் பெரிதாக வேறு அமைப்பு இல்லை. அந்த நீதிமன்றம் ரத்து செய்யும் சட்டத்தை 61 ஓட்டில் மீண்டும் உயிர்ப்பிக்கலாம், நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் அரசின் கை ஓங்கலாம் என்று புதிய கூட்டணி அரசு திட்டம் கொண்டுவந்தது. 'யாருமே ஓட்டுப் போடாத நீதிபதிகள் ஆளலாமா?' என்றது அரசு. 'கடிவாளமே இல்லாமல் போய்விடுமே' என்றது எதிர்த்தரப்பு. இரண்டு கேள்வியுமே அசட்டுக் கேள்விகள் அல்ல.

திட்டத்தை நிறுத்தச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் கேலன்ட்டை நெதன்யாகு நீக்குவதாக அறிவித்த இரவே மக்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் அறிவித்தது. துறைமுகங்கள் நின்றன, விமானங்கள் கிளம்பவில்லை. டெல்லியில் உள்ள இஸ்ரேல் தூதரகம்கூட அன்று கதவைச் சாத்தியது. அன்று இரவே திட்டத்தைத் தள்ளிவைத்தார் நெதன்யாகு.

சரி, நண்பர் வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்தால் நாம் என்ன செய்வது?

ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி தரும் அமெரிக்கா வாயைத் திறந்தது. இந்தப் பாதையில் தொடர முடியாது என்று அதிபர் பைடன் வெளிப்படையாகவே சொன்னார். வெளியார் அழுத்தத்துக்கு இணங்க மாட்டோம் என்று நெதன்யாகு பதில் கொடுத்தார். ஆனால் ராணுவ உதவி நிற்கவில்லை.

இந்தியா எதுவும் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் அவர்களின் நாடாளுமன்ற சபாநாயகர் அமீர் ஓஹானா டெல்லி வந்தார். மே மாதம் வெளியுறவு அமைச்சர் எலி கோஹனும் வந்துபோனார். வியாபாரம், ஆயுதம், விவசாயம் எல்லாம் வழக்கம்போல.

அந்த மௌனம் சரிதான் என்பது என் கருத்து. 'நமக்கேன் வம்பு' என்பதற்காக அல்ல. தெரு, நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகிய மூன்று வழிகளும் அங்கே திறந்தே இருந்தன. சொந்தச் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. அந்த வழிகள் அடைபட்டால் கதை வேறு. 1975-ல் இங்கே நெருக்கடிநிலை வந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று 1976-ல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்போது அவர்களுக்காக வெளிநாடுகளில் எழுந்த குரலை நாம் குறுக்கீடு என்றா சொல்வோம்?

இந்த விவாதத்தில் நமக்கு அனுபவமும் உண்டு. அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் 1973-ல் தீர்ப்பு வந்தது. 13 நீதிபதிகள், 7-க்கு 6. நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கலாமா என்ற வாக்குவாதம் இங்கும் ஓயவில்லை.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று தோன்றினால், பழவேற்காடு மீனவர்களைக் கேளுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் கொட்டிய அனல்மின் நிலையச் சாம்பலுக்குக் கேள்வி கேட்க, அந்தப் பகுதி மக்கள் போய் நின்ற இடங்களில் ஒன்று பசுமைத் தீர்ப்பாயம். தேர்தலில் ஜெயித்தவர்களிடம் பேசிப் பார்த்த பிறகு, ஏறுவதற்கு இன்னொரு படி வேண்டும் அல்லவா?

இஸ்ரேல் கதைக்கு வருவோம். 2023 ஜூலையில், அரசின் முடிவு நியாயமற்றது என்று சொல்லி நீதிமன்றம் அதை ரத்து செய்வதைத் தடுக்கும் சட்டம் 64-0 என நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்துவிட்டன. அக்டோபரில் போர் வந்தது. 2024 ஜனவரி 1 அன்று, 15 நீதிபதிகளும் அமர்ந்து விசாரித்த வழக்கில் 8-க்கு 7 என அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. 2025 மார்ச்சில், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அரசியல்வாதிகளின் பிடியைக் கூட்டும் இன்னொரு சட்டம் நிறைவேறியது. அடுத்த நாடாளுமன்றம் அமைந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.